கராத்தே வகுப்புக் கட்டணம்: முதலில் சிக்கனம், பிறகு தாராளம்

(பெங்களூருவில் நடந்த நமது அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கராத்தே, டேக்வாண்டோ, களரி என்று ஏதாவது ஒன்றில் குழந்தைகளைச் சேர்த்துவிட்டு மாதாமாதம் பணம் கட்டுகிறோமே, இது தகுமா என்ற கேள்வி நம்மில் பல வீடுகளில் எழுகிறது. பாட்டு வகுப்பு, வேத வகுப்பு, கணக்கு டியூஷன் இவற்றுக்கெல்லாம் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சண்டைக் கலை என்றதும் "நமக்கு எதற்கு?" என்று ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. துரோணரும் கிருபரும் யார் என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களரி மரபிலோ பரசுராமரையும் அகஸ்தியரையும் ஆதி குருக்களாகவே வணங்குகிறார்கள். ஆகவே "நமக்கு எதற்கு" என்பதை ஒதுக்கிவிட்டு, செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்பதை மட்டும் பார்ப்போம். நான் விஞ்ஞானம் படித்தவன், சர்க்கார் ஆபீசில் கணக்குப் பார்த்தே காலம் தள்ளியவன். எனவே முதலில் கணக்கு.

விளம்பரத்தில் போடுவது மாதக் கட்டணம் மட்டுமே. அதற்கு மேல் சேர்க்கைக் கட்டணம், யூனிஃபார்ம், பெல்ட் பரீட்சைக் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம் என்று வரிசையாக வரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். இவை நானாக வைத்துக்கொண்ட எண்கள். நீங்கள் உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் 2000 ரூபாய், ஆண்டுக்கு 24,000. சேர்க்கை 2000. யூனிஃபார்ம் 1500. மூன்று பெல்ட் பரீட்சைகள் தலா 1000 வீதம் 3000. ஒரு போட்டிக்கு 1500. ஆக மொத்தம் 32,000 ரூபாய். மாதம் எட்டு வகுப்புகள் என்றால் ஆண்டுக்கு 96. தசரா விடுமுறை, பள்ளிப் பரீட்சை, ஜுரம், ஊரில் கல்யாணம், பூணூல் இவையெல்லாம் போகக் குழந்தை 64 வகுப்புக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். 32,000 வகுத்தல் 64 என்றால் ஒரு வகுப்புக்கு 500 ரூபாய். விளம்பரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டவருக்கு அது 250 ரூபாயாகத் தெரிந்திருக்கும். சரியாக இரண்டு மடங்கு! கட்டணத்தைப் "போன வகுப்புக்கு எவ்வளவு" என்றுதான் பார்க்க வேண்டும்.

இது நம் ஊர் விஷயம் மட்டும் அல்ல. டெல்லாவின்யா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை ஆராய்ந்து, 2006இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதத்துக்கு 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 தடவைதான் போயிருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. அதே நிலையத்தில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்குப் 10 டாலர்தான்! படித்தவர்களும் பணம் சம்பாதிப்பவர்களும் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பணம் கட்டும் நாளில், "நாளை முதல் நான் ஒழுங்காகப் போவேன்" என்று தன்னைப் பற்றியே ஒருவன் மிகையாக எண்ணிக்கொள்கிறான். குழந்தை விஷயத்தில் அந்த எண்ணம் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று நான்கு மடங்காகிவிடுகிறது.

ஆகவே ஆண்டுச் சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் 2000 ரூபாய், ஒரேயடியாக ஆண்டுக்குக் கட்டினால் 18,000 என்று சலுகை சொல்கிறார்கள் என்று வையுங்கள். 18,000 என்பது ஒன்பது மாதக் கட்டணம். குழந்தை ஒன்பது மாதத்தைத் தாண்டினால்தான் அந்தச் சலுகை நமக்கு லாபம். நான்காம் மாதம் "எனக்குப் பிடிக்கலை தாத்தா" என்று சொல்லிவிட்டால் 10,000 ரூபாய் போனது போனதுதான். முன்பின் பார்த்திராத ஒரு கலையில் எட்டு வயதுக் குழந்தை ஒன்பது மாதம் நிலைத்து நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? முதல் ஆண்டில் மாதாமாதம் கட்டுவதே உத்தமம். கொஞ்சம் கூடுதலாகும். அதை இன்ஷூரன்ஸ் பிரீமியமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளுக்கும் ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டியது. நான்காம் மாதமே அந்த வகுப்பு இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. ரசீதின் அடியில் 'கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதைப் பார்த்ததும் அவர்கள் மனம் தளர்ந்துவிட்டார்கள். அந்த வரி வேதவாக்கு அல்ல. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருதலைப்பட்சமான நியாயமற்ற ஒப்பந்தம் என்பதையே புகார் செய்யத்தக்க விஷயமாக வைத்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இதற்கெல்லாம் கையில் ரசீது வேண்டும். ரசீது கொடுக்காத இடத்தில் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பள்ளிக் கட்டணத்துக்குப் பழைய முறையில் கிடைக்கும் வருமான வரிச் சலுகை முழுநேரப் படிப்புக்கு உரியது. இத்தகைய மாலை நேர வகுப்புகளுக்கு அது பொருந்தாது.

அடுத்தது பெல்ட். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு என்று வரிசையாக வருகிறதே, அது ஏதோ ஆயிரம் வருஷத்துப் பரம்பரை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. ஜிகோரோ கானோ என்ற ஜப்பானியக் கல்வியாளர் 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியை ஆரம்பித்தார். தேர்ச்சிப் படிகளையும் கறுப்புப் பட்டையையும் கொண்டுவந்தவர் அவர்தான். பிற்பாடு கராத்தேக்காரர்களும் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். இடையில் வரும் பல வர்ணங்கள் 1930களில் ஐரோப்பாவில், பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி என்பவர் மூலம் பரவியவை. மாணவன் உற்சாகம் குன்றாமல் இருக்க அது ஒரு நல்ல உபாயம்தான். அதே உபாயம் சில இடங்களில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கட்டணம் என்று ஆகிவிட்டது. கறுப்புப் பட்டையின் முதல் நிலைக்கு ஜப்பானிய மொழியில் 'ஷோடான்' என்று பெயர். 'ஆரம்பப் படி' என்று பொருள். நம்மில் வித்யாரம்பம் மாதிரி! ஆகவே "இத்தனை ஆண்டில் கறுப்புப் பட்டைக்கு நாங்கள் கியாரண்டி" என்று சொல்லும் இடத்தை விட்டு விலகுவது நல்லது.

சான்றிதழ் காட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் வாங்கலாம் என்று எண்ணிச் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டேக்வாண்டோ 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கின் பதக்க விளையாட்டு. கராத்தே 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும் இடம்பெற்று, 2024 பாரிஸில் இல்லாமல் போனது. நம் நாட்டில் ஒரே கலைக்குப் பல சங்கங்கள், ஒவ்வொன்றும் தன் சான்றிதழே உயர்ந்தது என்று சொல்லும். எந்தச் சங்கத்தின் சான்றிதழை அரசு இந்த ஆண்டு ஏற்கிறது என்பதை, பணம் வாங்குபவரிடம் கேட்காமல் சீட் கொடுப்பவரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி: அங்கே 2021இல் சிலம்பத்தை அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறார்கள். நம்முடைய கலை என்ற பெருமையோடு இந்தப் பலனும் உண்டு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எதற்காகச் சேர்க்கிறோம்? "பெண் குழந்தை, காலம் கெட்டுக் கிடக்கிறது, தற்காப்புக்காக" என்று பலர் சொல்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் பௌதிகம் தெரிந்தவர்கள் யோசிக்க வேண்டும். 30 கிலோ எடையுள்ள குழந்தை, 75 கிலோ எடையுள்ள ஆளை எந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டும் அடித்து வீழ்த்த முடியாது. கத்தவும், ஓடவும், வீட்டில் வந்து தயங்காமல் சொல்லவும் கற்றுத் தருவதே குழந்தைக்கு ஆயுதம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர எண் 112. இவற்றை மனப்பாடம் செய்விக்கக் கட்டணம் ஏதும் இல்லை.

வயது வந்த பெண்களுக்கோ, நல்ல பயிற்சி நிச்சயம் பலன் தருகிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 மணி நேரப் பயிற்சியும் மற்றதற்குத் துண்டுப் பிரசுரங்களும் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின் பார்த்தால், பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்ற பிரிவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவீதம். 2015இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி இது. அந்த 12 மணியில் கை கால் வீச்சு ஒரு பகுதிதான். ஆபத்தை முன்கூட்டியே அறிவது, தெரிந்த மனிதரிடமிருந்தே ஆபத்து வரலாம் என்பதை ஒப்புக்கொள்வது, உரக்க எதிர்ப்பது ஆகியவையும் அதில் அடக்கம். பாதுகாப்பு ஒன்றே நோக்கம் என்றால் ஆறு வருஷக் கட்டணம் தேவையில்லை. இப்படிப்பட்ட குறுகிய காலப் பயிற்சி காலேஜ் போகும் பெண்ணுக்கு அதிக பலன் தரும். நம் கர்நாடகத்தில் சித்திரதுர்க்கத்தின் ஒனகே ஓபவ்வா ஹைதர் அலியின் சிப்பாய்களை உலக்கையால் வீழ்த்தியதை இன்றும் கொண்டாடுகிறார்கள். அவளிடம் எந்தப் பட்டையும் இல்லை. விழிப்பும் சமயோசிதமும் இருந்தன.

"உடம்பு ஆரோக்கியத்துக்காக" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளைக்குச் சராசரி 60 நிமிஷமாவது உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வாரத்துக்கு 420 நிமிஷம். கராத்தே வகுப்பு வாரம் இரண்டு மணி, அதாவது 120 நிமிஷம். பாக்கி 300 நிமிஷத்துக்கு லால்பாக்கும் கப்பன் பார்க்கும் பக்கத்துத் தெரு மைதானமும்தான் கதி. "பணம் கட்டியாயிற்று, கடமை முடிந்தது" என்று இருந்துவிடக் கூடாது.

அப்படியானால் இந்தக் கட்டணம் தண்டமா என்றால், இல்லை. வகுப்பு தரும் வேறொரு பொருள் இருக்கிறது. நேரத்துக்கு வருவது, குருவுக்குத் தலை வணங்குவது, ஒரே அடவை நூறு தடவை செய்வது, விழுந்து எழுவது, தோற்றாலும் எதிராளிக்கு வணக்கம் சொல்வது. இது எட்டு மாதத்தில் வராது, ஆண்டுகள் ஆகும். இங்கேதான் நாம் பெரிய நஷ்டத்தை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். ஐந்து, ஆறு ஆண்டுகள் கட்டிவிட்டு, ஒன்பதாம் வகுப்பு வந்ததும் "படிப்பு கெட்டுப் போகும்" என்று நிறுத்திவிடுகிறோம். பெண் குழந்தை என்றால் இன்னும் ஒரு வருஷம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறோம். கலை உடம்பில் ஊறி, குழந்தை தானாகவே ஆசைப்பட்டுப் போகிற வயசு அது. தென்னையை நட்டுத் தண்ணீர் விட்டு, பாளை விடும் சமயத்தில் வெட்டுகிற மாதிரி!

என் பேத்தி விஷயத்திலும் இந்தப் பேச்சு வந்தது. கட்டணம் என் பென்ஷனிலிருந்து போவதால் என்னிடமும் கேட்டார்கள். என் பெண், "அப்பா, பத்தாவது முடியற வரைக்கும் நிறுத்திடலாமா? அப்புறம் சேர்த்துக்கலாமே" என்றாள். மாப்பிள்ளைக்கும் அதே அபிப்பிராயம். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் யூனிஃபார்மைத் துவைத்துத் தானே இஸ்திரி போட்டு வைத்தாள். நான் ஒரு யோசனை சொன்னேன். வாரம் மூன்று நாள் என்பதை இரண்டாக்குவது, இந்த ஆண்டு போட்டிகளுக்குப் போகாமலிருப்பது, மார்க் குறைந்தால் மறுபடி பேசுவது. இப்போது பத்தாம் வகுப்பு நடக்கிறது. மார்க் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் பெண் வாரம் இரண்டு நாள் வியர்வை சொட்டத் திரும்பி வருகிறாள். வந்ததும் பசிக்கிறது என்கிறாள், இரவு நன்றாகத் தூங்குகிறாள். அந்தக் கட்டணத்தை நான் குறைத்துப் பேசுவதில்லை.

குறைத்துப் பேசுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் வடகரையில் மீனாட்சி அம்மா என்ற மூதாட்டி களரி கற்பிக்கிறார். 2017இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய கணவர் 1949இல் ஆரம்பித்த அந்தக் களரியில் கட்டணம் என்று ஒன்று நிர்ணயம் இல்லை. மாணவர்கள் தங்களால் இயன்ற குருதட்சிணையைக் கொடுக்கிறார்கள். நம் பெங்களூரு பேட்டைப் பகுதியிலும் 'கரடி மனே' என்ற பழைய பயிற்சிக் கூடங்கள் உண்டு. தமிழ்க் காதுக்குக் காட்டுக் கரடி ஞாபகம் வரும், கன்னடத்தில் அது மல்யுத்தக் கூடம்! செம்மண் தரை, கர்லாக்கட்டை, ஆஞ்சநேயர் படம், அவ்வளவுதான். மைசூர் அரண்மனையில் விஜயதசமி அன்று நடக்கும் வஜ்ரமுஷ்டிப் போட்டிக்குரிய ஜெட்டிகளும் இப்படிப்பட்ட மரபில் வந்தவர்களே. ஏசி ஹாலும் கண்ணாடிச் சுவரும் கலையின் தரத்தைக் காட்டாது என்பதற்கு இவை சாட்சி. அதே சமயம், இந்த நகரத்தில் வாடகை கொடுத்து, தரை விரிப்பு வாங்கி, குடும்பத்தையும் காப்பாற்றும் ஒரு மாஸ்டர் தட்சிணையை மட்டும் நம்பி வாழ முடியாது. என்ட்ரன்ஸ் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் பேசாமல் கட்டிவிட்டு, கராத்தே மாஸ்டரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவது நமக்கு அழகல்ல.

சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கு. பெற்றோர் உட்கார்ந்து வகுப்பைப் பார்க்க அனுமதி உண்டா? இல்லை என்றால் எவ்வளவு பெயர் பெற்ற இடமானாலும் வேண்டாம். பெண் குழந்தைகள் இருக்கும் வகுப்பில் பெண் பயிற்சியாளரோ உதவியாளரோ இருக்கிறாரா? அடிபட்டால் என்ன செய்வார்கள், முதலுதவி தெரியுமா? மூன்று, நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் மாணவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், சுவரில் மாட்டிய எல்லாக் கோப்பைகளையும் விட அதிகம் சொல்லும்.

இனி, என் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேரனை வகுப்பில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசல் பெஞ்சில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறோமே, நமக்குத்தான் இந்தக் கலை அதிகம் வேண்டும்! நம்மைப் படுக்கையில் தள்ளுவது திருடனும் ரௌடியும் அல்ல, ஈரமான குளியலறைத் தரை. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில், 70 வயது தாண்டிய, விழும் அபாயம் உள்ள 670 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2018இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' பத்திரிகையில் வெளிவந்தது. சீனத் தற்காப்புக் கலையான தாய் சீயை ஒட்டி அமைத்த பயிற்சியை வாரம் இரண்டு தடவை, ஒரு மணி நேரம் வீதம் 24 வாரம் செய்தவர்கள், சாதாரணமாகக் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களை விட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். மெதுவாக எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதுதான் அதன் ரகசியம். குதிப்பதும் உதைப்பதும் நமக்கு வேண்டாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் இந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

ஆக, என் தீர்ப்பு இது. முதல் ஆண்டு கருமியாக இருங்கள். மாதாமாதம் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், பெல்ட்டுக்கு மயங்காதீர்கள், போன வகுப்புக்கு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். குழந்தைக்குப் பிடித்துவிட்டது, மாஸ்டர் நல்லவர் என்று தெரிந்த பிறகு தாராளமாக இருங்கள், ஒன்பதாம் வகுப்பு வந்தாலும் நிறுத்தாதீர்கள். கட்டணம் தகுமா என்பதைப் பாதி அந்தப் பள்ளி தீர்மானிக்கிறது. மீதிப் பாதி நம் வீட்டில்தான் தீர்மானமாகிறது.

 நம் குழந்தைகள் திட சரீரத்தோடும் திட மனத்தோடும் க்ஷேமமாக இருக்கப் பகவானைப் பிரார்த்தித்து அமர்கிறேன். நமஸ்காரம்.